பிஹெச் கணக்கு: லாக் பட்டனை அழுத்துவதற்கு முன்னால்

பிஹெச் கணக்கைத் தப்பாகப் போடுகிறவர்களில் பெரும்பாலானோருக்குச் சூத்திரம் நன்றாகவே தெரியும். கேள்வியில் கொடுத்திருக்கிற செறிவை அப்படியே தூக்கி லாக்குக்குள் போட்டுவிடுவார்கள், அங்கேதான் சறுக்கும். அதனால் கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்னால், தண்ணீருக்குள் உண்மையில் எத்தனை ஹைட்ரஜன் அயனி சுற்றிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கணக்கில் முக்கால்வாசி அதிலேயே முடிந்துவிடும்.

முதலில் பிஹெச் என்றால் என்ன என்று பார்ப்போம். ஹைட்ரஜன் அயனிச் செறிவு பல நேரம் 0.0000001 மோலார் (ஒரு லிட்டரில் இத்தனை மோல்) மாதிரி பூஜ்யங்கள் நிறைந்த எண்ணாக இருக்கும். இதை எழுதுவதும் ஒப்பிடுவதும் தொல்லை. 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சோரன்சென் இதற்கு ஒரு வழி சொன்னார்: அந்த எண்ணின் மடக்கையை, அதாவது லாக்கை எடுத்து, குறியை மாற்றிவிடுங்கள். மேலே சொன்ன எண் 10⁻⁷, அதன் பிஹெச் 7. அவ்வளவுதான்.

பிஹெச் = −லாக் [ஹைட்ரஜன் அயனிச் செறிவு]

குறியை மாற்றுவதால் அளவுகோல் தலைகீழாகிவிடுகிறது: அயனி கூடக்கூட பிஹெச் குறையும். இது பத்தின் அடுக்குகளில் ஏறி இறங்குகிற அளவுகோல் என்பதால் பிஹெச் 3 உள்ள கரைசலில் பிஹெச் 5 உள்ளதைவிட 100 மடங்கு அயனி இருக்கும், 2 மடங்கு அல்ல.

அமிலம் என்பது ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது, காரம் என்பது வாங்கிக்கொள்வது. 1923-இல் பிரான்ஸ்டெட், லௌரி இருவரும் தனித்தனியாகச் சொன்ன வரையறை இது. அம்மோனியாவில் ஹைட்ராக்சைடே (OH⁻) கிடையாது, அப்புறம் எப்படி அது காரம் என்று குழம்புகிறவர்களுக்கு இந்த வரையறைதான் பதில். அது தண்ணீரிடமிருந்து ஓர் ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொள்கிறது, அதை இழந்த தண்ணீர் ஹைட்ராக்சைடாக மிஞ்சுகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது வலிமை மிகுந்ததா, குறைந்ததா? வலிமைக்கும் செறிவுக்கும் சம்பந்தமில்லை, இதை மட்டும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எவ்வளவு கலந்திருக்கிறோம் என்பது செறிவு. கலந்ததில் எவ்வளவு அயனியாகப் பிரிகிறது என்பதுதான் வலிமை. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் நீர்த்த கரைசலில் முழுசாகப் பிரிந்துவிடும், அதனால் அமிலத்தின் செறிவே அயனியின் செறிவு. 0.003 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 0.003 என்பது 3×10⁻³, அதாவது 10⁻³-க்கும் 10⁻²-க்கும் நடுவில் இருக்கிறது, அப்படியானால் விடை 2-க்கும் 3-க்கும் நடுவில்தான் வர வேண்டும் என்று முதலிலேயே மனசில் குறித்துக்கொள்ளுங்கள். லாக் 3 = 0.48, ஆகவே பிஹெச் = 3 − 0.48 = 2.52. 3.48 என்று எழுதிவிட்டால் மனசில் குறித்த எல்லையே உங்களைப் பிடித்து நிறுத்தும். இந்த ஒரு பழக்கத்தால் தப்பிக்கிற மதிப்பெண்கள் நிறைய.

காரமாக இருந்தால் நேராக பிஹெச் கிடைக்காது. 25 டிகிரி செல்சியஸில் தண்ணீரில் ஹைட்ரஜன் அயனிச் செறிவையும் ஹைட்ராக்சைடு செறிவையும் பெருக்கினால் எப்போதும் 10⁻¹⁴ வரும், அதனால் பிஹெச்சும் பிஓஹெச்சும் (ஹைட்ராக்சைடு செறிவுக்கு இதே மாதிரி எடுக்கிற −லாக்) சேர்ந்து 14. கால்சியம் ஹைட்ராக்சைடு 0.01 மோலார் என்று கேள்வி வந்தால், ஒரு மூலக்கூறு அலகுக்கு இரண்டு ஹைட்ராக்சைடு வரும் என்பதால் செறிவு 0.02. பிஓஹெச் 1.70, ஆகவே பிஹெச் 12.30. அந்த இரண்டால் பெருக்குவதை மறந்துவிடுவதும், பிஓஹெச்சையே விடையாக எழுதிவிட்டு எழுந்துபோவதும் அடிக்கடி நடக்கிற தவறுகள். இந்த வெப்பநிலையில் 7 நடுநிலை, காரம் அதற்கு மேலேதான் இருக்கும்; காரத்துக்கு 7-க்குக் கீழே விடை வந்தால் உடனே திரும்பிப் பாருங்கள்.

வலிமை குறைந்த அமிலத்தில்தான் கொஞ்சம் வேலை இருக்கிறது. அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி, அதாவது பிரிந்த இரண்டு அயனிகளின் செறிவையும் பெருக்கி, பிரியாத மிச்சத்தால் வகுத்தால் வருகிற எண், 1.8×10⁻⁵. 0.1 மோலார் கரைசலில் பிரிந்த அளவை எக்ஸ் என்று வையுங்கள்: ஹைட்ரஜன் அயனி எக்ஸ், அசிட்டேட் எக்ஸ், பிரியாமல் மிச்சம் 0.1 − எக்ஸ். பிரிவது மிகக் கொஞ்சம் என்பதால் மிச்சத்தை 0.1 என்றே எடுத்துக்கொள்ளலாம். அப்போது எக்ஸ் வர்க்கம் = 1.8×10⁻⁶, எக்ஸ் = 1.34×10⁻³, பிஹெச் 2.87. முடித்ததும் அந்த அனுமானம் நியாயமா என்று சரிபாருங்கள்: 0.1-இல் எக்ஸ் சுமார் 1.3 சதவீதம்தான், 5 சதவீதத்துக்குள் இருப்பதால் பரவாயில்லை. 5-ஐத் தாண்டினால் இருபடிச் சமன்பாட்டை முழுசாகத் தீர்த்தே ஆக வேண்டும். இதே 0.1 மோலாரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு பிஹெச் 1 என்பதை இதோடு வைத்துப் பாருங்கள், வலிமை என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று அப்போது உறைக்கும்.

கந்தக அமிலம் முதல் ஹைட்ரஜனை முழுசாகவும் இரண்டாவதை ஓரளவுக்கும் விடும், கண்ணை மூடிக்கொண்டு இரண்டால் பெருக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று: 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் என்ன? லாக் போட்டால் 8 வரும். அமிலத்தைத் தண்ணீரில் விட்டால் அது காரமாகுமா? ஆகாது. தண்ணீர் தானாகவே கொஞ்சம் பிரிந்து 10⁻⁷ அளவில் அயனி தருகிறது, நாம் விட்ட அமிலம் அதைவிடக் குறைவு, அதனால் தண்ணீரின் பங்கையும் சேர்த்தாக வேண்டும். சேர்த்துத் தீர்த்தால் 6.98. அமிலச் செறிவு 10⁻⁶-க்குக் கீழே போனாலே தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நடுநிலை என்றாலே 7 என்பதும் 25 டிகிரிக்கு மட்டும்தான். சூடு ஏறினால் தண்ணீர் அதிகமாகப் பிரியும், 37 டிகிரியில் நடுநிலை பிஹெச் சுமார் 6.8. அதற்காக அந்தத் தண்ணீர் அமிலமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, இரண்டு அயனிகளும் சம அளவில்தான் இருக்கின்றன.

கடைசியாக, இரண்டு கரைசல்களைக் கலக்கும்போது பிஹெச்சுக்குச் சராசரி எடுக்காதீர்கள். வலிமை மிகுந்த அமிலக் கரைசல்கள் இரண்டு, ஒன்று பிஹெச் 3, இன்னொன்று 5, சம அளவு கலந்தால் விடை 4 இல்லை. ஒவ்வொன்றையும் செறிவாக மாற்றுங்கள்: 10⁻³, 10⁻⁵. கூட்டி இரண்டால் வகுத்தால் 5.05×10⁻⁴. இப்போது லாக் போடுங்கள், 3.30.