சென்னையிலிருந்து சிங்கப்பூர்: தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் நிறைய. டிக்கெட் வந்ததும் பெரியவர்கள் என்னிடம்தான் எடுத்து வருவார்கள், பூகோளம் நடத்திய டீச்சர் என்பதால். "இரவு 11.15க்குக் கிளம்பி 6.00 மணிக்குத்தான் இறங்குமாம், ஏழு மணி நேரம் உட்காரணுமா?" என்றார் மேல்வீட்டு மாமி.

தேவையில்லை. கிளம்பும் நேரம் சென்னைக் கடிகாரப்படி, இறங்கும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படி. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். 11.15இலிருந்து 6.00 வரை 6 மணி 45 நிமிடம். அதில் 2.30ஐக் கழித்தால் 4 மணி 15 நிமிடம், அவ்வளவுதான். திரும்பி வரும்போது இதே 2.30ஐக் கூட்ட வேண்டும்.

தூரத்துக்குக் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். மீனம்பாக்கம் ஏறத்தாழ வடக்கு 13.0 டிகிரி, கிழக்கு 80.2. சாங்கி விமான நிலையம் வடக்கு 1.4, கிழக்கு 104.0. அட்சரேகை வித்தியாசம் 11.6, தீர்க்கரேகை வித்தியாசம் 23.8. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் என்று பெருக்கினால் 696, 1428. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 1589 கடல் மைல். 1.852ஆல் பெருக்கினால் 2940 கிலோமீட்டர் சொச்சம். உண்மையான தூரம் 2920ஐ ஒட்டித்தான். பூமத்திய ரேகையை விட்டு வடக்கே வர வர தீர்க்கரேகைகள் கொஞ்சம் நெருங்குவதால் அந்தச் சின்ன வித்தியாசம். லண்டன், நியூயார்க் மாதிரி வடக்கே உள்ள ஊர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துத்தான் அளக்க வேண்டும். நம் வழிக்கும் நூல் பிடித்துப் பாருங்களேன்: வங்காள விரிகுடாவைத் தாண்டி, கிரேட் நிக்கோபாருக்குச் சற்றுத் தெற்கே, சுமத்ராவின் வடமுனை மேலே போகும். எனக்கு மிகவும் பிடித்த கோடு அது.

சரி, நேரம். மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்தால் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் முக்கால் மணி சேருங்கள். டிக்கெட் கணக்கோடு ஒத்துவரும்.

காற்றையும் மறக்கக் கூடாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. இந்திய வானிலை விஞ்ஞானி கோட்டீஸ்வரம் 1958இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். விமானம் அதன் கீழ்ப்பகுதியில் பறந்தாலும் எதிர்க்காற்று எதிர்க்காற்றுதான். அந்த மாதங்களில் போகும்போது சில நிமிடங்கள் கூடலாம், வரும்போது குறையலாம்.

இனி தேதி. இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 12ஆம் தேதி 00.40, அதாவது நள்ளிரவு தாண்டி 12.40, என்று இருந்தால் 11ஆம் தேதி இரவே கிளம்பியாக வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் என்றால் இரவு 9.40க்கு மீனம்பாக்கத்தில் இருக்கணும். அந்த மூன்று மணி, பறக்கும் நாலேகால், அங்கே இமிக்ரேஷனுக்கும் பெட்டிக்கும் ஒரு மணி. ஆக எட்டு மணி நேரத்துக்கு மேல்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் இந்த எட்டு மணிக் கணக்கையும் இரண்டரை மணி வித்தியாசத்தையும் சொல்லி, எந்த வேளை மாத்திரையை எப்போது போடுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.