ஆர்.சி. வண்டியில் எந்த இடத்துக்கு எந்த ஸ்க்ரூ

ரிமோட்டில் ஓட்டும் (ஆர்.சி.) என் 1/10 அளவு ஆஃப்-ரோடு பக்கியில், அதாவது மண் தடத்தில் ஓடும் சிறு வண்டியில், இருந்த எஃகு ஸ்க்ரூக்களை எல்லாம் கழற்றிவிட்டு ஒரே இரவில் அலுமினியம் போட்டேன். மொத்தம் 108 ஸ்க்ரூ. தராசில் வைத்தபோது 40 கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. மறுநாள் மூன்றாவது தாவலில் வண்டி முன் வலது சக்கரத்தில் விழுந்தது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்மைத் தாங்கும் ஹிஞ்ச் பின் பிளாக்கின் இரண்டு ஸ்க்ரூவும் தலை தெறித்துப் போயின. தண்டு இரண்டும் பிளாக்கின் மரைக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. அவற்றைத் துளைபோட்டு வெளியே எடுக்க இரண்டு மாலை பிடித்தது.

அன்றிலிருந்து நான் முழு செட்டாக எதையும் மாற்றுவதில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவும் எதைப் பிடித்திருக்கிறது, அடிபட்டால் அதன் மேல் என்ன விசை வரும் என்று பார்த்துத்தான் உலோகத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள்.

முதலில் உலோகங்களைப் பற்றி. ஒரே அளவு ஸ்க்ரூவில் எஃகின் எடையை 100 என்று வைத்துக்கொண்டால் டைட்டானியம் 56, அலுமினியம் 36. எம்3x10 (3 மி.மீ. விட்டம், 10 மி.மீ. நீளம்) பட்டன் தலை (தாழ்ந்த உருண்டைத் தலை) எஃகு ஸ்க்ரூ ஒன்று சுமார் 0.6 கிராம் இருக்கும். அதுவே டைட்டானியத்தில் 0.35 கிராமை ஒட்டியும், அலுமினியத்தில் 0.2 கிராமை ஒட்டியும் வரும். இனி வலிமை. 12.9 தர (மிக வலுவான, கறுப்பு நிற) எஃகில் செய்த எம்3 ஸ்க்ரூவை நேராக இழுத்தால் ஏறக்குறைய 600 கிலோ வரை தாங்கும். கிரேடு 5 டைட்டானியம் 450 கிலோ அளவு. ஸ்டெயின்லெஸ், அதாவது நாம் எவர்சில்வர் என்று சொல்வது, ஏ2-70 தரத்தில் 350 கிலோ. நல்ல 7075 அலுமினியம்கூட 300 கிலோவை எட்டாது. அலுமினியம் என்று மட்டும் போட்டு எந்தக் கலவை என்று சொல்லாத வண்ண ஸ்க்ரூக்களை நான் இன்னும் பலவீனமானவையாகவே கணக்கில் வைப்பேன்.

பளபளப்பைப் பார்த்து எவர்சில்வரை உறுதியானது என்று நினைப்பவர்கள் நிறைய. அதன் பலம் துருப்பிடிக்காததுதான். வலிமையில் அது கறுப்பு 12.9 ஸ்க்ரூவின் பக்கத்திலேயே வராது, எடையும் குறையாது. ஈரத்திலும் சேற்றிலும் ஓட்டுபவர்களுக்கு அது சரி. உலர்ந்த தடத்தில் ஓட்டுபவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

சரி, இடங்களுக்கு வருவோம். ஹிஞ்ச் பின் பிளாக், ஸ்டியரிங் நக்கிள் (முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பகுதி), பம்பர், மோட்டார் மவுண்ட், கியர்பாக்ஸைச் சேசிஸோடு சேர்க்கும் கீழ்ப்பக்க ஸ்க்ரூக்கள் எல்லாம் 12.9 எஃகாகவே இருக்கட்டும். இவை மோதலை நேரடியாக வாங்குபவை. அதோடு பெரும்பாலும் வண்டியின் அடிமட்டத்தில் இருப்பவை. எடை கீழே இருந்தால் வண்டி வளைவில் கவிழாமல் நிற்கும். ஆகவே அங்கே எடை குறைப்பதால் கையாளுதலுக்கு வரும் நன்மையும் குறைவு.

மேலே போகப் போக கணக்கு மாறும். மேல் டெக், பாடி போஸ்ட் (மேல் கூட்டைத் தாங்கும் கம்பம்), சர்வோவை (ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டாரை) அதன் மவுண்டோடு பிடிக்கும் ஸ்க்ரூ, மின்விசிறியைப் பிடிப்பவை, ரிசீவர் பெட்டி மூடி ஆகிய இடங்களில் அலுமினியம் தாராளமாகப் போடலாம். உயரத்தில் குறையும் 1 கிராம், அடியில் குறையும் 1 கிராமைவிட அதிகம் உதவும். ஷாக் டவரை (ஷாக் அப்சார்பரின் மேல் முனையைத் தாங்கும் தட்டை) கியர்பாக்ஸோடு சேர்க்கும் ஸ்க்ரூக்கள் இரண்டுக்கும் நடுவில் வருபவை. உயரத்திலும் இருக்கின்றன, வண்டி தலைகீழாக விழுந்தால் அடியும் வாங்குகின்றன. என் வண்டியில் டைட்டானியம் உள்ள ஒரே இடம் அதுதான். அது விலை கூடின பொருள். அதனால் எண்ணி எட்டு ஸ்க்ரூ மட்டும் வாங்கினேன்.

சக்கர நட்டுகளையும் பாருங்கள். அவை சுழலும் எடை, சஸ்பென்ஷன் தூக்கிச் சுமக்கவேண்டிய எடையும்கூட. எம்4 அலுமினிய நட்டு இந்த வேலைக்குப் போதும். நட்டு தானாகக் கழலாமல் பிடிக்கும் உள் நைலான் வளையம் தேய்ந்து கையாலேயே சுற்ற வந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

எடை குறைக்க இன்னொரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 12 மி.மீ. ஸ்க்ரூ மறுபக்கம் 3 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அங்கே 10 மி.மீ. போடுங்கள். உலோகத்தை மாற்றாமலேயே எடை குறையும், வலிமையும் போகாது. ஆனால் மரைக்குள் போதுமான நீளம் பிடித்திருக்க வேண்டும். எஃகுக்குள் எஃகு என்றால் ஸ்க்ரூவின் விட்டம் அளவு, அலுமினியத்துக்குள் என்றால் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, பிளாஸ்டிக்குக்குள் இரண்டு மடங்குக்குக் குறையாமல். எம்3 பிளாஸ்டிக்கில் 6 மி.மீ. பிடிக்கவில்லை என்றால் எனக்கு நம்பிக்கை வராது. பந்தயத்தில் ஓட்டுபவர்கள் தங்கள் பிரிவின் குறைந்தபட்ச எடையை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அந்த எல்லையில் இருந்தால், மேலே குறைத்ததை ஈயத் துண்டாகக் கீழே ஒட்டவேண்டி வரும். அதுவும் நல்ல பலன்தான்.

நீளத்தை அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேப் தலை (உயர்ந்த உருளைத் தலை), பட்டன் தலை இரண்டிலும் தலைக்குக் கீழே இருந்து அளக்கவேண்டும். பள்ளத்தில் பதியும் தட்டைத் தலையில் தலையோடு சேர்த்து மொத்த நீளம். இதில் தவறினால் மோட்டாரில்தான் பெரிய சேதம். 540 அளவு மோட்டாரை எம்3 ஸ்க்ரூவால்தான் பிடிக்கிறோம். அது 2 மி.மீ. கூடினாலும் உள்ளே போய்க் கம்பிச்சுருளை உரசி, ஷார்ட் ஆகி மோட்டாரே போய்விடும். மாட்டுவதற்கு முன் மவுண்டின் தடிமனை அளந்து, மோட்டாருக்குள் எவ்வளவு நுழையும் என்று கழித்துப் பாருங்கள்.

இனி தலை. நடைமுறையில் ஸ்க்ரூ உடைவதைவிட அதன் தலைக்குழி தேய்ந்து கெட்டுப்போவதுதான் அதிகம். எம்3 கேப் தலைக்கு 2.5 மி.மீ. ஆலன் கீ, பட்டன் தலைக்கும் தட்டைத் தலைக்கும் 2 மி.மீ. தான். குழி சிறியது என்பதால் பட்டன் தலை சீக்கிரம் கெடும். அடிக்கடி கழற்றும் இடத்தில் உயரத்துக்கு இடம் இருந்தால் கேப் தலை போடுங்கள். அங்குல அளவுக் கீயை மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் நுழைக்கவே வேண்டாம். 3/32 அங்குலம் என்பது 2.38 மி.மீ., அது 2.5 குழிக்குள் ஆடும். கீயின் முனை உருண்டுவிட்டால் மாற்றுங்கள். தேய்ந்த கீ ஒன்று பத்து நல்ல ஸ்க்ரூவைக் கெடுத்துவிடும். ஜப்பானியக் கிட்டுகளில் வரும் கூட்டல் குறித் தலைக்கு ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர) முனை வாங்குங்கள். சாதாரண பிலிப்ஸ் முனை அதில் ஏறி வழுக்கும்.

அலுமினிய ஸ்க்ரூவை நேராகப் புதுத் துளையில் ஓட்டாதீர்கள். முதலில் எஃகு ஸ்க்ரூ ஒன்றை உள்ளே விட்டு மரை வெட்டி, அதைக் கழற்றிவிட்டு அலுமினியத்தைப் போடுங்கள். பிளாஸ்டிக்கில் திரும்ப மாட்டும்போது முதலில் பின்னோக்கிச் சுற்றுங்கள். பழைய மரையில் விழும்போது ஒரு சின்ன 'க்ளிக்' கையில் தெரியும். அதற்கப்புறம் முன்னோக்கிச் சுற்றினால் துளை பல தடவை தாங்கும்.

உலோகத்துக்குள் போகும் ஸ்க்ரூவுக்கு நீல நிற லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம். அதைக் கழற்ற 250 டிகிரி அளவுக்குச் சூடு கொடுக்கவேண்டும், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் அதைத் தாங்காது. பிளாஸ்டிக்கில் லாக்டைட் எதுவுமே போடாதீர்கள். சில பிளாஸ்டிக்குகள் அதனால் விரிசல் விடும். பினியனை (மோட்டார் ஷாஃப்டில் மாட்டும் சிறு பல்சக்கரத்தை) பிடிக்கும் தலையில்லா ஸ்க்ரூவுக்கு எஃகு தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம், நீல லாக்டைட் கட்டாயம், ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் அது உட்காரவும் வேண்டும். டைட்டானியம் மரையில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் பழக்கமுள்ளது. லாக்டைட் போடாத இடங்களில் அதற்குக் கொஞ்சம் ஆன்ட்டி-சீஸ் பசை தடவுவேன்.

டைட்டானியம் என்று சொல்லி வந்த பொட்டலத்தைப் பிரித்ததும் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது டைட்டானியம் இல்லை. எவர்சில்வரும் பெரும்பாலும் ஒட்டாது என்பதால் காந்தம் மட்டும் போதாது. இருபதை மொத்தமாக நிறுத்து, அதே அளவு எஃகு இருபதோடு ஒப்பிடுங்கள். பாதியை விடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் சரி. எனக்கு ஒருமுறை இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகவே வந்தது, திருப்பி அனுப்பினேன்.

புது ஸ்க்ரூ போட்ட வண்டியை ஒரு பேட்டரி அளவு ஓட்டிவிட்டு, கீயோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். அலுமினியம் போட்ட இடங்களில் மெதுவாக, இரண்டு விரலால் மட்டும். முன் ஹிஞ்ச் பின் பிளாக்கில் இப்போது என் பக்கிக்கு 12.9 எஃகுதான். ஈரத்தில் ஓட்டிய நாட்களில் அந்தத் தலைகளில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்கிறேன்.