தட்டைப் பாதத்தோடு வெறுங்கால் ஓட்டம்: முதல் 16 வாரம்

வெறுங்காலில் ஓட ஆரம்பிப்பவர்களை ஏமாற்றுவது தோல்தான். இரண்டு மூன்று வாரத்தில் உள்ளங்கால் பழகிவிடும், கூசாது, எரியாது. கால் தயாராகிவிட்டது என்று நினைத்துத் தூரத்தைக் கூட்டுவார்கள். கெண்டைக்கால் தசையும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும் பழகச் சில மாதங்கள் ஆகும். பாதத்து எலும்புகள் அவற்றைவிடவும் மெதுவு. சிறுவயது முதல் தட்டைப் பாதம், குதிகால் வலி என்று இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். கீழே உள்ள கணக்கு எலும்பின் வேகத்துக்குப் போட்டது. சலிப்பாகத்தான் இருக்கும்.

ஓடுவதற்கு முன் மூன்று சோதனை

குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நில்லுங்கள். பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது உள்ளங்காலில் வளைவு தெரிந்து, குதிகால் உள்பக்கமாகத் திரும்பினால் அது நெகிழக்கூடிய தட்டைப் பாதம், பழக்கலாம். வளைவு தெரியவே இல்லை, ஒற்றைக் காலில் ஒருமுறைகூட எழும்ப முடியவில்லை, கணுக்கால் எலும்புக்குப் பின்னால் உள்பக்கம் வலிக்கிறது: இவற்றில் எது இருந்தாலும் எலும்பு மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

சர்க்கரை நோய் இருந்தால் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, அழுத்தாமல், ஒரு விநாடி தொடட்டும். ஆறில் ஒன்று தெரியாமல் போனாலும் வெறுங்கால் ஓட்டம் வேண்டாம். ஆறும் தெரிந்தாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலுக்குப் பாதுகாப்பே உணர்ச்சிதான். அது மரத்துப்போனவருக்கு ஆறாத புண் வர ஒரு கண்ணாடிச் சில்லு போதும்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறதா? அது அடங்கும்வரை கீழே உள்ள முதல் நான்கு வாரக் கட்டத்தைத் தாண்டாதீர்கள்.

1 முதல் 4-ஆம் வாரம் வரை: ஓட்டமே இல்லை

ஒரு துண்டைச் சுருட்டிப் படிக்கட்டின் மேல் வையுங்கள். கால்விரல்கள் துண்டின் மேல் ஏறி மேல்நோக்கி வளைந்திருக்க, குதிகால் படிக்கு வெளியே இருக்க நில்லுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு 3 விநாடியில் எழும்பி, 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறங்குங்கள். 12 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் இரண்டு வாரம் இரு காலிலும், பிறகு ஒற்றைக் காலில். துண்டு எதற்கு என்றால், விரல்கள் மேலே வளைந்தால்தான் குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலில் ஓடும் பட்டை இறுகும். துண்டை விட்டுவிட்டால் பாரமெல்லாம் கெண்டைக்காலுக்குப் போய்விடும், பட்டைக்கு வேலை குறைவு.

அடுத்தது நாற்காலியில் உட்கார்ந்தே செய்வது. விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிமேட்டைக் குதிகால் பக்கம் இழுங்கள். வளைவு லேசாக உயரும். 5 விநாடி, 10 முறை. விரல் மடங்கினால் வேலை செய்வது பாதத்துக்குள் இருக்கும் சிறு தசைகள் அல்ல, கெண்டைக்காலிலிருந்து வரும் நீளத் தசை. முதல் வாரத்தில் ஒன்றுமே அசையாதது போலத் தோன்றும், அது எல்லோருக்கும்தான்.

இதோடு தினம் 20 நிமிடம் மொட்டை மாடியில் வெறுங்கால் நடை. வீட்டுக்குள் வழவழ டைல்ஸில் நடப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், சொரசொரப்பு வேண்டும்.

இதையெல்லாம் செய்தால் வளைவு வந்துவிடுமா? இந்தியாவில் 2300 சிறுவர்களைப் பார்த்து 1992-ல் வெளியான ஆய்வில், செருப்பு போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதமும் வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதமும் தட்டைப் பாதம் கொண்டிருந்தார்கள். ஆனால் அது வளரும் குழந்தைகளின் கணக்கு. முப்பது வயதில் வளைவு புதிதாக முளைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், வலுவாவது தசை.

5-ஆம் வாரம்: கால் வைக்கும் முறை

நின்ற இடத்திலேயே ஸ்கிப்பிங் ஆடுவது போல 20 முறை குதியுங்கள். யாராலும் குதிகாலில் குதிக்க முடியாது. உடம்பே முன்பாதத்தில் இறங்கும். அதே உணர்வோடு மெல்ல முன்னே நகர்ந்தால் அதுதான் வெறுங்கால் ஓட்டம். முன்பாதத்தின் வெளி ஓரம் முதலில் தொட்டு, பிறகு பாதம் படிந்து, கடைசியில் குதிகால் தரையை லேசாக முத்திட்டு எழ வேண்டும்.

அந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குதிகாலே படக்கூடாது என்று நினைத்து நுனிக்காலிலேயே ஓடினால், ஓட ஆரம்பித்த இரண்டாம் வாரத்தில் கெண்டைக்கால் கல்லாகிவிடும், அடுத்து குதிநாண் வீங்கும்.

அடி சின்னதாக இருக்கட்டும். பாதம் முழங்காலுக்கு நேர் கீழே இறங்கட்டும். வலது கால் தரையைத் தொடுவதை 30 விநாடிக்கு எண்ணுங்கள்: 42 முதல் 45 வந்தால் சரி. 38 என்றால் கால் முன்னே நீள்கிறது என்று அர்த்தம். 'சப் சப்' என்று அறையும் சத்தமும் அதையே சொல்லும். கொப்புளம்கூட ஒரு வாத்தியார்தான்: பெருவிரல் அடிமேட்டில் வந்தால் தரையை உந்தித் தள்ளித் திருகுகிறீர்கள், குதிகாலில் வந்தால் காலை முன்னே போட்டு பிரேக் பிடிக்கிறீர்கள்.

தூரம்

வாரம் 3 நாள், இடையில் ஒருநாள் ஓய்வு. 5, 6-ஆம் வாரங்களில் ஒவ்வொரு முறையும் 200 மீட்டர், அதாவது மைதானத்தில் அரைச் சுற்று. 7, 8-ல் 400. 9, 10-ல் 800, நடுவில் இரண்டு நிமிட நடையோடு. 11, 12-ல் 1.2 கிலோமீட்டர். 16-ஆம் வாரத்துக்குள் 2 கிலோமீட்டரைத் தொட்டால் போதும். ஷூவோடு ஏற்கெனவே ஓடுபவர்கள் அதை நிறுத்த வேண்டாம். முதலில் வெறுங்கால் பங்கு, பிறகு ஷூ மாட்டி மிச்சம். ஷூவுக்குள் வைக்க மருத்துவர் கொடுத்த இன்சோலை (உள்அட்டையை) ஒரே நாளில் தூக்கிப் போடாதீர்கள்.

எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். 1964-ல் டோக்கியோவில் அவரே ஷூ போட்டு அதைவிட வேகமாக வென்றதை யாரும் சொல்வதில்லை.

மெல்லிய அடிப்பாகமும் ஒவ்வொரு விரலுக்கும் தனி உறையும் கொண்ட 'விரல் ஷூ' பாதுகாப்பான நடுவழி போலத் தெரியும். தொடக்கத்தில் அதுதான் ஆபத்து, எச்சரிக்கும் தோலை மூடிவிடுகிறது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் 10 வாரத்தில் அதற்கு மாறிய 19 பேரில் 10 பேருக்கு, பாத எலும்புக்குள் நீர் கோத்திருந்தது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது.

இடம்

சிமென்ட் தரையோ நல்ல தார் ரோடோதான் முதல் தேர்வு. புல் மெத்தென்று இருக்கும், ஆனால் நெருஞ்சி முள்ளையும் கண்ணாடியையும் மறைக்கும். கடற்கரையின் உலர்ந்த மணலில் குதிகால் புதைந்து குதிநாணை இழுக்கும். ஈர மணல் கடல் பக்கம் சரிவதால் தட்டைப் பாதம் இன்னும் உள்ளே சாயும். வெயில் ஏறிய ரோட்டில் புறங்கையை 5 விநாடி வைக்க முடியாவிட்டால் திரும்பிவிடுங்கள். மழையில் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். திறந்தவெளிக் கழிப்பிடமாகப் பயன்படும் மண் பக்கமே போகாதீர்கள், கொக்கிப்புழு உள்ளங்கால் வழியாகத்தான் ஏறுகிறது. டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வலிக்கு நிறுத்துவது?

கெண்டைக்கால் இரண்டு நாள் வலிப்பது இயல்பு. மூன்றாம் நாளும் இருந்தால் அடுத்த ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். பயப்பட வேண்டியது புறங்கால் வலிக்கு. இரண்டாவது, மூன்றாவது விரல்களுக்குப் பின்னால் உள்ள நீள எலும்புகளை ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே புள்ளியில் சுரீர் என்றால் எலும்பில் விரிசல் இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே இருக்கலாம் என்பதால், 'ஒன்றுமில்லை' என்ற ரிப்போர்ட்டை நம்பி மறுபடி ஓடாதீர்கள்.

ஓடி முடித்ததும் காலை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, செல்போன் வெளிச்சத்தில் உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். பித்தவெடிப்பு இருந்தால் படிகாரக்கல் அல்ல, குளித்த பின் பியூமிஸ் கல். ராத்திரி யூரியா கிரீம். ஆழமாக வெடித்து ரத்தம் தெரிந்தால் மூடும்வரை ஓட்டம் கிடையாது. கால் ஆணி பிளாஸ்டரில் இருப்பது அமிலம். அது ஒட்டியிருக்கும் நாட்களில் வெறுங்காலில் இறங்காதீர்கள்.