உங்கள் தெரு வேலையை ஊராட்சித் திட்டத்தில் ஏற்றுவது எப்படி?

எங்கள் தெருவில் கழிவுநீர் தேங்குகிறது என்று பல வருடம் மனு கொடுத்தோம். ஊராட்சி ஆண்டுதோறும் போடும் வேலைத் திட்டமான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அந்த வேலை ஏறிய பிறகுதான் காரியம் நகர்ந்தது. நாங்கள் செய்த வழி இது.

படி 1: தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். அடுத்த நிதியாண்டுக்கான திட்டப் பேச்சு அக்டோபர் 2ஐ ஒட்டித் தொடங்கும். ஆகஸ்டிலேயே இறங்கிவிடுங்கள்.

படி 2: தெரு முழுக்க நடந்து வரைபடம் போடுங்கள். செல்போன் செயலியைவிடப் பெரிய சார்ட் பேப்பர்தான் என் கட்சி. திண்ணையில் விரித்தால் எல்லோரும் விரல் வைத்து இடம் காட்டுவார்கள். நீளத்தை டேப்பால் அளந்துவிடுங்கள். மழை பெய்யும்போது ஒருமுறை நடப்பது அவசியம்.

படி 3: இடம் யாருடையது? பெரும்பாலான கோரிக்கைகள் சாவது இங்கேதான். வடிகால் கேட்கிறோம், சரி, தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழும்? எங்கள் வரைபடத்தில் அது பாசன வாய்க்காலில் போய் முடிந்தது. வாய்க்கால் நீர்வளத் துறையுடையது, ஊராட்சி கை வைக்க முடியாது. சாக்கடையை அதில் விடுவதும் தவறு. அப்புறம் கடைக்கோடியில் ஊராட்சிப் பொறுப்பில் இருந்த புறம்போக்கைத் தேடிப் பிடித்து, அங்கே சமுதாய உறிஞ்சு குழி என்று மாற்றினோம். பட்டா பார்க்கும் அதே அரசு இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) நிலத்தின் வகை தெரியும். சாலையும் அப்படித்தான்: ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், நெடுஞ்சாலைத் துறை மூன்றில் யாருடையது என்று முதலில் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

படி 4: எந்தக் காசில் நடக்கும்? ஒன்றிய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரத்துக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். மீதி 40இல்தான் மற்ற தேவைகள் எல்லாம் போட்டி போட்டன. உங்கள் வேலை எந்தத் தலைப்பில் வரும் என்று ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

படி 5: கிராம சபைத் தீர்மானம். “வடிகால் வசதி செய்து தர வேண்டும்” என்று எழுதினால் பயனில்லை. எந்தத் தெரு, எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், சர்வே எண், எந்த ஆண்டுத் திட்டம், எல்லாம் வர வேண்டும். வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

படி 6: சில மாதம் கழித்து ஊராட்சித் திட்டங்களை வெளியிடும் ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டத்தைத் திறந்து, வேலை இருக்கிறதா என்று பாருங்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இல்லையென்றால் அடுத்த கிராம சபையில் தீர்மான எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

பின்சேர்க்கை: கூட்டம் சேராமல் சபை தள்ளிப்போனதாக ஒருவர் எழுதியிருந்தார். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேரும், 3000 வரை 100 பேரும் வர வேண்டும். மகளிர் குழுக்களிடம் முதலில் பேசுங்கள், எங்கள் ஊரில் பாதிக் கூட்டம் அவர்கள்தான். நகரத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு கமிட்டியும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபாவும் இருக்கின்றன, 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபா கூடுகிறது. படி 2, 3, 5 அங்கேயும் அப்படியே பொருந்தும்.