வெளிநாட்டில் கார் வடிவமைப்பாளராக விரும்புவோருக்கு

கார் வடிவமைப்பும் இயந்திரப் பொறியியலும் ஒன்றே என்று எண்ணி, பொறியியல் பட்டத்தை மட்டும் நம்பி வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் பலர். அங்கே முதலில் பார்க்கப்படுவது பட்டமல்ல, போர்ட்ஃபோலியோ எனப்படும் சொந்த வடிவமைப்புகளின் தொகுப்பு. எந்த நாட்டவர் என்பதும் இரண்டாம்பட்சமே. இத்தாலியின் பினின்ஃபரினா வடிவமைப்பு நிறுவனத்தில் ஃபெராரி என்ஸோ காரை வரைந்தவர் ஜப்பானியரான கென் ஒகுயாமா.

அவர் படித்த ஆர்ட்சென்டர் வடிவமைப்புக் கல்லூரி அமெரிக்காவின் பாசடீனாவில் உள்ளது. லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட், ஜெர்மனியின் ஃபோர்ஸ்ஹைம் பல்கலைக்கழகம் ஆகியவையும் இத்துறையில் பெயர்பெற்றவை. இவற்றில் ராயல் காலேஜில் இத்துறைக்கு இருப்பது முதுநிலைப் படிப்பு. கல்லூரியைத் தரவரிசை பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, எந்தெந்த கார் நிறுவனங்கள் அங்கே மாணவர்களுக்குப் பயிற்சித் திட்டங்கள் தருகின்றன என்று விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

போர்ட்ஃபோலியோவில் பளபளப்பான இறுதிப் படங்களை மட்டும் அடுக்க வேண்டாம். ஒரு யோசனை எங்கே பிறந்தது, எவை கைவிடப்பட்டன, ஏன் கைவிடப்பட்டன என்பவை தெரியும்படி மூன்று நான்கு திட்டங்களை விரிவாகக் காட்டினால் போதும். அனுபவமுள்ளவரின் கண் முதலில் சக்கரத்தில்தான் விழும். நீள்வட்டமாக வரையப்படும் சக்கரத்தின் குறுகிய அச்சு (நீள்வட்டத்தின் குறுகலான பக்கமாக நடுவே செல்லும் கோடு), சக்கரம் சுழலும் அச்சுத்தண்டின் திசையோடு ஒத்துப்போகாவிட்டால், மேலே எவ்வளவு அழகாக நிழல் தீட்டியிருந்தாலும் கார் தரையில் நிற்காது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ மூன்று சக்கரங்கள் அடங்கும் அளவு இடைவெளி விடுவது பழைய கணக்கு. அதை மீறலாம், ஆனால் தெரிந்தே மீற வேண்டும்.

அலியாஸ், பிளெண்டர் போன்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள்களைக் கற்பது அவசியம். அதற்காகக் களிமண்ணை அலட்சியப்படுத்தக் கூடாது. 1920களில் ஜெனரல் மோட்டார்ஸில் வடிவமைப்பாளர் ஹார்லி எர்ல் பரவலாக்கிய களிமண் மாதிரி முறை இன்னும் வழக்கொழியவில்லை. மெழுகு கலந்த அந்தக் களிமண்ணை அடுப்பில் சூடாக்கி அப்பி, ஆறி இறுகியபின் சுரண்டிச் செதுக்கி, மேலே பளபளக்கும் மெல்லிய படலத்தை ஒட்டி, ஒளி எந்தக் கோட்டில் நெளிகிறது என்று பார்ப்பார்கள். திரையில் ஒளிந்திருந்த பிசகு அங்கே அம்பலமாகிவிடும். களிமண்ணில் வேலை செய்பவர் பெரும்பாலும் வேறொரு கைவினைஞர் என்பதால், மனத்திலுள்ள வளைவை, கோடாக ஒட்டிக் காட்டும் கறுப்பு டேப்பாலும் வாய்ச்சொல்லாலும் அவருக்குப் புரியவைக்கும் திறமை வடிவமைப்பாளருக்கு வேண்டும். ஸ்டுடியோக் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடந்தாலும், இத்தகைய இடங்களில் உள்ளூர் மொழி தெரிந்தவரின் பேச்சுக்கே மதிப்பு அதிகம்.

முழுநேர வேலைக்குப் பொதுவான நுழைவாயில் சில மாத இன்டர்ன்ஷிப். படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தங்கியிருக்கும் கால அளவு நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் அது 18 மாதங்கள். சேரும் முன்பே இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

வேலையில் சேர்ந்தபின் செய்யும் எதையும், கார் சந்தைக்கு வரும்வரை வெளியே காட்ட முடியாது. பல ஸ்டுடியோக்களில் கைபேசியின் கேமராவுக்கே ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். கைவிடப்பட்ட திட்டமென்றால் அது ஒருபோதும் வெளிவராமலே போகலாம். ஆகவே அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கென்று, ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவில் சொந்தமாக ஒரு திட்டத்தை எப்போதும் கையில் வைத்திருங்கள்.