ஈ. கோலைல புரோட்டீன் எடுக்குறவங்க தவிர்க்க வேண்டிய தப்புகள்

போன வாரம் டர்பன்ல எங்க லேப்புக்குப் புதுசா வந்த தம்பி, ஈ. கோலை பாக்டீரியாவுக்குள்ள செய்யவச்ச புரோட்டீனை அளவுவாரியா பிரிச்சு ஓட்டின ஒரு ஜெல்லைக் கொண்டுவந்து, "அக்கா, பட்டை எவ்ளோ தடியா வந்திருக்கு பாருங்க, நாளைக்கே ஆறு லிட்டர் போட்டுடலாமா"ன்னு கேட்டான். செல்லை உடைச்சு சுத்தினப்புறம் மேல நிக்கிற தண்ணி, அதான் சூப்பர்னேட்டன்ட், அதை ஓட்டினியான்னேன். முழிச்சான். ஆன்டிபயாடிக் போட மறக்குறதெல்லாம் ஒரு தடவை பட்டா தானா திருந்திரும், அதை விட்டுடுறேன்.

தடிப் பட்டையைப் பாத்து ஏமாறுறது

செல்லை அப்படியே கொதிக்கவச்சு ஓட்டினா சரியான வடிவத்துக்கு மடிஞ்சது மடியாதது எல்லாம் ஒரே பட்டையாதான் தெரியும், எஸ்டிஎஸ்ங்கிற சோப்பு எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடுதே. நானும் அதை நம்பி 37 டிகிரில புரோட்டீன் செய்யத் தூண்டுற ஐபிடிஜி 1 மில்லிமோலார் போட்டு ஆறு லிட்டர் வளத்தேன், சோனிகேட் பண்ணி (ஒலி அதிர்வால செல்லை உடைச்சு) சுத்தினா அடியில சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கட்டி, மடியாத புரோட்டீன் சேர்ந்த இன்க்ளூஷன் பாடி, புரோட்டீனைப் பிடிக்க வச்சிருந்த நிக்கல் ரெசின்ல ஒண்ணும் ஒட்டல. ரெண்டு வார வேலை. 1 மில்லி எடுத்து சுத்திப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், இப்பவும் நினைச்சா எரிச்சலா வருது.

புரோட்டீன் ரைபோசோம்ல இருந்து வெளிய வரும்போதே மடிய உதவுற ட்ரிகர் ஃபேக்டர்ங்கிற புரோட்டீன் பிடிச்சுக்கும், அப்புறம் அதே மாதிரி உதவுற டிஎன்ஏகே, அதுலயும் மடியாததுல கொஞ்சத்தை குரோஈஎல் உள்ள வாங்கி, குரோஈஎஸ் மூடி போட்டு, செல்லோட எரிபொருளான ஏடிபியைச் செலவழிச்சு மடிய விடும். குரோஈஎல்ங்கிறது ஏழேழா ரெண்டு வளையம், ஒரு வளையத்துக்குள்ள ஒரு நேரத்துல ஒரு புரோட்டீன்தான் போகும். நாம நம்ம ஜீனைப் படிச்சு ஆர்என்ஏ எழுதுற டி7 பாலிமரேஸை முழுசா திறந்துவிட்டா பந்தில இருபது இலை போட்டுட்டு இருநூறு பேரைக் கூப்பிட்ட கதைதான், இடம் கிடைக்காததெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும்.

அதனால 18 டிகிரி, 0.1 மில்லிமோலார் ஐபிடிஜி, ராத்திரி முழுக்க. புரோட்டீன் மெதுவா வரும், மடியறதுக்கு நேரம் கிடைக்கும். மொத்தம், சூப்பர்னேட்டன்ட், அடியில தங்குற பெல்லட் மூணையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டுங்க. தம்பியோடது முக்கால்வாசி பெல்லட்லதான் இருந்துச்சு.

ஷேக்கர் காட்டுற நம்பரை நம்புறது

கூலிங் இல்லாத ஷேக்கர் ரூம் சூட்டுக்குக் கீழ போகவே போகாது. பிப்ரவரி டர்பன்ல 18னு செட் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க, உள்ள ஒரு தெர்மாமீட்டர் வைங்க.

70 கிலோடால்டன் எடைல கூட வர்ற பட்டை

பெரும்பாலும் டிஎன்ஏகே, உங்க புரோட்டீனைப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்கும். ஏடிபியும் மெக்னீசியமும் சேத்த பஃபரால கழுவிப் பாருங்க.

மடியாததை செல்லே வெட்டிடும்னு விடுறது

நாம வளக்குற பிஎல்21ங்கிற ஈ. கோலை வகைல, மடியாததை வெட்டுற லான் புரோட்டியேஸ் கிடையாது.

வெள்ளைக் கட்டியைக் குப்பைல போடுறது

போடாதீங்க. 8 மோலார் யூரியால கரையும், யூரியாவை மெதுவா குறைச்சு மறுபடி மடிக்கப் பாக்கலாம்.