புது ஒஸ்காரை விட முன் தொட்டியைக் கலைத்துவிடுங்கள்

விரால் குஞ்சு பொரித்திருக்கிற நேரம் குளக்கட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரின் மேல் செம்மஞ்சளாகக் குஞ்சுகள் கொதிக்கிறதுபோல வந்து வந்து போகும், அதற்குக் கீழே பெரிய விரால் நிற்கும், ஒரு தவளை கிட்டப் போனாலும் பாய்ந்து அடிக்கும். தூண்டில்காரருக்கு இது தெரியும், அதனால்தான் அந்த இடத்திலேயே தவளையைக் கொழுவி இழுப்பார்கள். அந்த அடி பசியில் வருகிற அடி இல்லை. இடத்துக்கும் குஞ்சுக்குமான அடி. கண்ணாடித் தொட்டியில் ஒஸ்கார், கிறீன் ரெரர், ஃபிளவர்ஹோர்ன் என்று பெரிய அலங்கார மீன்களை வளர்க்கிறவர்கள் முதலில் இதை மனதில் வைக்க வேணும். "என்ர மீன் சரியான மூர்க்கம்" என்று சொல்லுகிற பலரின் வீட்டில் நான் பார்த்தவரைக்கும் பிழை மீனில் இல்லை, தொட்டியில்தான்.

பசி வேறு, சண்டை வேறு. வாய்க்குள் போகக்கூடிய எதுவும் ஒஸ்காருக்குச் சாப்பாடு. சின்னக் கப்பி மீனைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு விடியக் காணவில்லை என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. சண்டை என்பது தன் அளவு மீனோடு, தன் மூலைக்காக நடப்பது. தொடங்கும்போதே தெரியும்: செட்டையை விரித்துச் செவுளை அகட்டும், பக்கவாட்டாக நின்று வாலால் தண்ணீரைத் தள்ளும், மற்றது விலகாவிட்டால் வாயோடு வாய் கவ்வி இழுபடும். சோடி சேருகிற மீன்களும் இப்படி வாய் கவ்வும், அதைக் கண்டவுடன் தொட்டிக்குள் கையை விட்டுப் பிரிக்கத் தேவையில்லை. ஒன்று விலகிப் போனபிறகும் மற்றது துரத்திக்கொண்டே இருந்தால் அதுதான் ஆபத்து.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். கிளிநொச்சியில் வீட்டில் நாலடித் தொட்டியில் ஒரு ஒஸ்கார் எட்டு மாதம் தனியாக நின்றது. அதே அளவில் இன்னொன்று வாங்கினேன், "ஒரே சைஸ் என்றால் அடிபடாது அண்ணை" என்று கடைத் தம்பி சொன்னார். காலையில் விட்டேன். பின்னேரம் வந்து பார்த்தால் புதியது ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், தலை மேலே, வால் கீழே, நிறம் மங்கி நிற்கிறது. வால் செட்டை சீப்பால் வாரிவிட்டதுபோல நார் நாராகக் கிழிந்திருந்தது. பழையது நடுவில் நின்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போய் ஒரு இடி இடித்துவிட்டு வந்தது. வாளிக்கு மாற்றி, 10 லீற்றருக்கு 20 கிராம் கணக்கில் வெறும் கட்டி உப்புக் கரைத்து, காற்றுக் குழாயும் போட்டு வைத்தேன், நாளுக்கு ஒருக்கால் அதே உப்புக் கணக்கில் பாதித் தண்ணீரை மாற்றினேன். செட்டை திரும்ப முளைக்கச் சில கிழமை பிடித்தது.

எட்டு மாதமாக ஒவ்வொரு கல்லும் அதற்குச் சொந்தம். அளவு ஒன்றாக இருந்தாலும் முதலில் குடியிருக்கிற மீன்தான் பெரும்பாலும் வெல்லும். ஆகவே இரண்டாவது முறை இப்படிச் செய்தேன், நீங்களும் இதையே செய்யுங்கள். பழைய மீனை ஒரு வாளிக்கு எடுங்கள். கல், சட்டி, மரக்கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள், ஃபில்டர் குழாயைக்கூட மற்றப் பக்கம் திருப்புங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரையும் மாற்றுங்கள். பிறகு இரவு, வெளிச்சத்தை அணைத்துவிட்டு, முதலில் புதியதை விட்டு அரை மணித்தியாலம் கழித்துப் பழையதை விடுங்கள். விடியும்போது இரண்டுக்கும் அது புது ஊர்.

முடிந்தால் அதற்கு முதல் ஒரு கிழமை நடுவில் தடுப்புப் போடுங்கள். மெல்லிய பீவீசீ குழாயில் சட்டம் செய்து, கோழிக்கூட்டுக்கு அடிக்கிற பிளாஸ்ரிக் வலையை இழுத்துக் கட்டினால் போதும், பார்த்துப் பழகும், கடிக்க முடியாது. மேலே மூடி கட்டாயம், அதன்மேல் பாரமாக ஏதாவது வையுங்கள், அடிவாங்குகிற மீன் பாயும்.

ஒளிக்கிற இடம் மீன்களின் எண்ணிக்கையைவிடக் கூட இருக்க வேணும். உடைந்த மண்சட்டி, கூரை ஓடு, அகலமான குழாய்த் துண்டு எல்லாம் நல்லது, ஆனால் இரண்டு பக்கமும் வாசல் இருக்க வேணும். ஒரு வாசல் உள்ள சட்டிக்குள் போன மீன் மாட்டிக்கொள்ளும். தொட்டியின் ஒரு முனையில் நிற்கிற மீனுக்கு மறுமுனை தெரியாதபடி கல்லை அடுக்குங்கள், பாதிச் சண்டை கண்ணில் பட்டுத்தான் வருகிறது. இரவில் கண்ணாடியில் தன் நிழலைக் கண்டு இடிக்கிற மீனும் இருக்கிறது, பின்பக்கம் கடதாசி ஒட்டினால் பெருமளவு அடங்கும்.

சரி, இடம் எவ்வளவு? நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் என்றால் ஏறக்குறைய 250 லீற்றர், 30 சென்ரிமீற்றருக்கு வளருகிற ஒரு ஒஸ்காருக்கே அது மட்டுமட்டு. இரண்டுக்கு ஆறடி வேணும். மூன்று வளர்க்காதீர்கள், இரண்டு சேர்ந்து மூன்றாவதை முடித்துவிடும். ஃபிளவர்ஹோர்ன் தனியாகத்தான், அதில் பேச்சே இல்லை.

நம்முடைய பக்கம் வெயிலும் ஒரு காரணம். ஆவணியில் தகரக் கூரைக்குக் கீழே தொட்டித் தண்ணீர் 30 பாகைக்கு மேல் போகும், சூட்டில் மீன் உசாராகும், பசி கூடும், தண்ணீரில் ஒக்சிசனோ குறையும். மேற்குச் சுவர்ப் பக்கம் தொட்டியை வைக்காதீர்கள், காற்றுக் குழாயை நிறுத்தாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் சவர் என்றால் (கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான்) காரத்தன்மையும் பெரும்பாலும் கூட இருக்கும், அந்தத் தண்ணீரில் கழிவின் அமோனியா இன்னும் நஞ்சாகும். கிழமைக்கு ஒருமுறை மூன்றில் ஒன்று மாற்றுவதைத் தவறவிட வேண்டாம்.

சாப்பாட்டை ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். உயிர் மீன் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், நோய் அதோடுதான் வருகிறது.

சோடி சேர்ந்து தட்டையான கல்லை வாயால் துப்புரவாக்கத் தொடங்கினால் ஆயிரத்துக்கு மேல் முட்டை வரப்போகிறது என்று அர்த்தம், அன்றே மற்ற மீன்களை வெளியே எடுங்கள். அந்த நேரம் தொட்டி முழுவதும் அவர்களுடையது.

இவ்வளவு செய்தும் மூன்று நாளில் துரத்தல் நிற்கவில்லை, அல்லது ஒன்று சாப்பிடாமல் மூலையில் நிற்கிறது என்றால், பிரித்துவிடுங்கள். கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், வளர்க்கிற ஒருவருக்குக் கொடுங்கள். இரணைமடுக் குளத்திலோ முத்தையன்கட்டுக் குளத்திலோ கொண்டுபோய் விட வேண்டாம். தொட்டி கழுவுகிற மீன் என்று வாங்கின சக்கர் மீனும், கத்தி மீனும் இப்படி வெளியே போய் இலங்கை நீர்நிலைகளில் பெருகிவிட்டன. நம்முடைய குளங்களில் வலை போட்டுச் சீவிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன.